வெள்ளி பூசிய குழாய்த் துண்டு

9.8.61 புதன்
சின்னு, மகனே, இன்றும் மழை. நீ காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகப் போகிறது, இப்போதுதான் கல்கத்தாவிலிருந்து உன் பெட்டி வருகிறது. சட்டை இரண்டு, சீப்பு, கம்பளி. கம்பளிக்குள் சாண் நீளக் குழாய்த் துண்டு. செம்பின் மேல் வெள்ளிப் பூச்சு. நடுவில் ஒரு கறுப்புக் கறை. உன்னோடு வேலை செய்தவர் இங்கிலீசில் எழுதிய கடிதமும் இருக்கிறது.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும். கொடுக்க மனசில்லை. அணு ஓடுகிற குழாய், உள்ளே துளிக் காற்றும் ஆகாது, அதைக் கழுவி வெள்ளி பூசுவது உன் வேலை என்று நான் சொன்னபோது சிரித்தவர். ஞாயிறு டவுனில் கடை வைத்திருக்கும் நானாவிடம் போகலாம், அவருக்கும் இங்கிலீசு தெரியும்.

10.8 வியாழன்
தேயிலைக் கொழுந்து குறைவு. அட்டைக்கடி. கணக்கப்பிள்ளை எல்லார் முன்னாலும்: "என்னா தெய்வானை, பெட்டியில குழா வந்துச்சாமே. நம்ம பீலிக்கு மாட்டிருவமா, தண்ணி நல்லா வரும்." இரண்டு பேர் சிரித்தார்கள். கடிதம் மடியில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

11.8 வெள்ளி
நாளை உன் முப்பதாம் நாள். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மாரியக்கா விளக்கு, செம்பு எல்லாம் கழுவ, தண்ணீர் விழும் பீலிக்கு எடுத்து வந்தாள். படையலில் வைக்க உன் படம் இல்லை. அதனால் அந்தக் குழாய்த் துண்டு.
"படையல்ல வைக்கிறத அழுக்கோடயா வைப்ப? புளி போட்டு தேயிடி."
புளி, அடுப்புச் சாம்பல், தேங்காய் நார். கறை லேசில் போகவில்லை. விடவில்லை நான். வெள்ளியும் சேர்ந்து போய்ச் செம்பு சிவந்து வந்தது.
"இப்பத்தான் பாக்க லெச்சணமா இருக்கு" என்றாள். எனக்கும் திருப்தி.

12.8 சனி
படையல். ரொட்டி, கட்டைச் சம்பல், தேயிலைச் சாயத் தண்ணி. காக்கை உடனே வந்தது.

13.8 ஞாயிறு
நானா கண்ணாடி போட்டுக் கடிதத்தை வாசித்தார். பாதியில் நிறுத்தினார்.
"தங்கச்சி, ஒங்க மகன் ஒருநா கையுறை போட மறந்து அந்தக் குழாய தொட்டுட்டாராம். வெள்ளி பூசி, சூட்டுல வச்சு எடுத்தா, விரல் பட்ட எடம் மட்டும் கறுத்துப் போச்சாம். வேல எடத்துப் பெரியவரு அத வீசிரச் சொன்னாராம். எங்கம்மா பாத்தா சிரிப்பாங்கன்னு இவரு எடுத்து வச்சுக்கிட்டாராம். ரேகை கூட அப்படியே தெரியுமாம். பாத்தீங்களா?"
பார்த்தேன் என்றேன்.

பஸ்ஸில் ஏறவில்லை. நடந்தே வந்தேன். கணக்கப்பிள்ளையிடம் கொடுத்திருந்தால் புதனே தெரிந்திருக்கும். என் வீம்பு. என் கை.

வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். எல்லாப் பக்கமும் ஒரே பளபளப்பு.

சின்னு, அது எந்த விரல்?