நரம்பில்லாத கிட்னிக்கு ஒன்றும் தெரியாது என்றாயே

என் அன்பு அண்ணனுக்கு,

நீ போய் நாற்பது நாளாகிறது. பாக்கார் ஆராங்கில் இருக்கும் உங்கள் வீட்டில் உன் படத்துக்கு அண்ணி தினமும் பூ வைக்கிறார். நான் இன்னும் ஒரு பூகூட வைக்கவில்லை. செத்துப்போனவன்மேல் கோபப்படலாமா என்று அம்மா கேட்கிறார். உன்மேல் படாமல் வேறு யார்மேல் படுவேன்?

ஆறு வருடத்துக்கு முன் என் இடது சிறுநீரகத்தை உனக்குக் கொடுத்தேன். நீ கேட்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன். சொல்லிக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை. அன்று நான் கேட்டது இரண்டே விஷயம்: லோரி ஓட்டுவதை விட்டுவிடு, டாக்டர் பேச்சைக் கேள். என் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாய். பிறகு பள்ளிக்கூட வேன் ஓட்டுவதாகச் சொன்னாய்.

போன வருடம் உனக்குப் பிரஷர் ஏறியது. கிளினிக்குக்கு நானும் வருகிறேன் என்றேன். "நீ எதுக்கு ஃபேக்டரிக்கு லீவு போட்டுகிட்டு? நா போய்ட்டு வந்துடுவேன் லா" என்றாய். திரும்பியதும் போனில் கேட்டேன்.

"டாக்டரம்மா என்னா சொன்னாங்க?"

"ஒன்னும் இல்ல லா. ஓப்பரேஷன்ல நரம்ப வெட்டித்தான எனக்கு வச்சாங்க? நரம்பு இல்லாத கிட்னிக்கு டென்ஷனும் தெரியாது, ஒன்னும் தெரியாது. அது பாட்டுக்கு வேல செய்யும்."

நம்பினேன். என் உடம்பிலிருந்து போனது உன்னிடம் நிம்மதியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன், அண்ணே.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வாசலில் நிற்கும் உன் காடியின் கதவைத் திறந்து துடைக்கப் போனேன். டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு பை. உள்ளே மூக்கடைப்பு மாத்திரையின் காலி அட்டைகள், கை நிறைய அள்ளும் அளவுக்கு. அண்ணியிடம் காட்டினேன். உடைந்து அழுதுவிட்டார்.

"அவரு லோரிய விடவே இல்ல, சரசு. இதப் போட்டா தூக்கம் வராதுன்னு போடுவாரு. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

அட்டைகளோடு உன் டாக்டரிடம் போனேன். நரம்பு இல்லாத கிட்னிக்கு ஒன்றும் தெரியாதுதானே என்று, நீ சொன்னதையே கேட்டேன்.

"யாரும்மா அப்படிச் சொன்னா?" என்றார். "நரம்பு வழியா வர்ற கட்டளைதான் நின்னு போகுது. ரத்தக்குழாய் மரத்துப் போறதில்ல. சொல்லப்போனா, ரத்தத்துல வர்ற அட்ரினலின் மாதிரிப் பொருளுக்கு அது முன்னவிட அதிகமா சுருங்கலாம். இந்த மாத்திரையும் ரத்தக்குழாய சுருக்குறதுதான், பிரஷரையும் ஏத்தும். தொடவே கூடாதுன்னு உங்க அண்ணன்கிட்ட படம் போட்டே காட்டுனேன்."

"இதனாலதான் அவருக்கு மூளையில ரத்தம் கசிஞ்சுச்சா?"

"பிரஷர் காரணம்தான். அந்தப் பிரஷருக்கு மாத்திர மட்டும்தான் காரணம்னு என்னால சொல்ல முடியாதும்மா."

புரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். நீ படம் பார்த்துப் புரிந்துகொண்டுதான் வந்திருக்கிறாய். டாக்டர் சொன்னதில் பாதியை எடுத்து, மீதியைத் தலைகீழாக்கி, என் வாயை அடைத்துவிட்டாய். அப்படி என்ன பயம் என்னிடம்? தங்கச்சி தயவில் உயிரோடிருக்கிறோம் என்பது உறுத்தியதா? லோரியில் ஏறினால்தான் நீ நீயாக இருந்தாயா? ஒருநாள் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டைதானே, அண்ணே?

நேற்று கிளினிக்கின் தாதி போன் செய்தார். ஜித்ராவில் ஒரு பெண் தன் அண்ணனுக்குக் கிட்னி கொடுக்கப் போகிறாளாம். பயமாக இருக்கிறதாம், நான் பேச முடியுமா என்றார். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் சனிக்கிழமை போகிறேன்.

கொடுக்காதே என்று அவளிடம் சொல்ல மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. ஆனால் அண்ணன் டாக்டரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார் என்று சொல்வேன். அவன் வேண்டாம் என்றாலும் உட்கார். நான் உட்காரவில்லை.

இன்னும் கோபம் தீராத உன் தங்கச்சி,
சரசு