பிரான்சுக்குப் போன பேனர்

ஏலாக்குறிச்சி அருகிலிருந்து,
புதன்கிழமை.

அன்பு மகள் ஆனி ரோசுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். இது முழுக்க என் கையெழுத்து. இதுவரை உன் சித்தப்பா மகன் டோமினிக்கிடம் சொல்லித்தான் எழுத வைத்தேன், இனி அவன் தயவு வேண்டாம். மாலை வகுப்பில் என்னைவிட இளையவர்கள் எல்லாம் பாதியில் நின்றுவிட்டார்கள், எழுபத்திரண்டு வயதில் நான் பாஸ். இவ்வளவு எழுதவே இரண்டு நாள் ஆகிவிட்டது, ஆனாலும் நிறுத்த மனசு வரவில்லை.

சந்தோஷம் அதோடு சரி, மற்றதெல்லாம் எரிச்சல். குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கப் போய் நீ கவுன்சிலர் ஆனாய், பிறகு அந்த ஊர் மேயர் ஆனாய், இப்போது எம்.பி. தேர்தலில் நிற்கிறாய். இதை எத்தனை தடவை சொன்னாலும் இங்கே யாருக்கும் விளங்குவதில்லை. பஞ்சாயத்துத் தலைவி சசிகலாவின் வீட்டுக்காரர் முத்தமிழ்செல்வன், டீக்கடையில் எல்லார் முன்னாலும், ஏங்க, அங்க மேயர் வேலையப் பாக்குறது உங்க மாப்பிள்ளைதானே என்கிறார். இல்லை, அவளேதான் பார்க்கிறாள், எம்.பி. ஆனால் மேயர் பதவியை விட்டுவிட வேண்டும், அந்த நாட்டுச் சட்டம் அப்படி என்றேன். கையில இருக்குற பதவிய எவனாச்சும் வுடுவானா, பேசாம மாப்பிள்ள பேருக்கு மாத்திடச் சொல்லுங்க என்று எனக்கு யோசனை சொல்கிறார். சுண்ணாம்புக்கல் லாரித் தூசிக்கு உன்னிடம் கொடுக்கச் சொல்லி நாலு பேர் மனு எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள். பிரான்ஸ் சபைக்கும் அரியலூர் லாரிக்கும் என்ன சம்பந்தம் என்றால், மகள் பெரிய ஆளானதும் அமிர்தசாமிக்குக் கர்வம் வந்துவிட்டது என்று பேச்சு.

டோமினிக் பஸ் ஸ்டாப்பில் கட்டிய அந்த பேனருக்கு வருகிறேன். நீ போனில் கத்திவிட்டு வைத்தவள்தான், பன்னிரண்டு நாளாக எடுக்கவில்லை. அங்கே கோயிலையும் ஆட்சியையும் ஒட்டவைக்கக் கூடாது என்று இங்கே யாருக்கு அம்மா தெரியும். ஓட்டுப் போடுவதற்கு முன்னாலேயே பிரான்ஸ் எம்.பி. என்று போட்டு, மேலே மாதா, நடுவில் நீ, கீழே உன்னைவிடப் பெரிதாகக் காதில் போன் வைத்த டோமினிக். அதைப் போட்டோ எடுத்து எவனோ இன்டர்நெட்டில் ஏற்றிவிட, உன்னை எதிர்த்து நிற்கிறவர்கள் இவளை நிறுத்தியது கோயில்தான், வெளிநாட்டுக்காரர்கள்தான் என்று வீதி வீதியாகக் காட்டுகிறார்கள். நான் டோமினிக்கை மட்டும்தான் திட்டுவேன் என்று நினைத்திருப்பாய். கட்டுவதற்கு முந்தின நாள் அவன் அதை என்னிடம் கொண்டுவந்து, பெரியப்பா, நீங்கதான் இப்ப படிப்பீங்களே, தப்பு இருந்தா சொல்லுங்க என்றான். நானும் கண்ணாடி போட்டு ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி ஒரு மணி நேரம் படித்தேன். ஒரு எழுத்து தப்பில்லை என்று சொல்லி அனுப்பினேன். என்ன எழுதியிருக்கிறது என்று யோசிக்கவே இல்லை. இதை அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை.

உன் போன் வந்ததும் கழற்றச் சொன்னேன். லைக் வந்துகிட்டே இருக்கு பெரியப்பா, இன்னும் ரெண்டு நாள் கெடக்கட்டும் என்றான். நானே அரிவாளோடு பஸ் ஸ்டாப் சுவர்மேல் ஏறிக் கயிற்றை அறுத்தேன். முட்டியில் காயம், ஆறிவிட்டது. கீழே நின்று அம்மா, பொண்ணு மேயரு, அப்பன் செவுரேறி என்று வைததை எழுத முடியாது.

வேளைக்குச் சாப்பிடு. கூட்டத்தில் பேசிப் பேசித் தொண்டை கட்டினால் வெந்நீர் குடி. மாதா உன்னைக் கைவிட மாட்டாள், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. வருகிற ஞாயிறு கடைசிச் சுற்று ஓட்டு என்றாய். இந்தக் கடிதம் வந்து சேரப் பதினைந்து நாள் ஆகும் என்று தபால் ஆபீசில் சொல்கிறார்கள், அதற்குள் எண்ணி முடித்திருப்பார்கள். ஜெயித்தால் ஊரே வந்து சொல்லும், நீ எழுத வேண்டாம். தோற்றிருந்தால், அந்த பேனரால்தானா என்று மறைக்காமல் எழுது. போனில் சொல்லாதே, அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பாள். பெரிய பெரிய எழுத்தாக எழுது, யாரிடமும் கொடுக்காமல் நானே படித்துக்கொள்கிறேன்.

உன் அப்பா,
ச. அமிர்தசாமி