நீர்நாயை விரட்டிய நாட்கள்

பிப்ரவரி 4
மருமகளின் காட்டுயிர் மறுவாழ்வு மையத்தில் காலைத் தீனி இன்றுமுதல் என் பொறுப்பு. தாயை வலையில் பறிகொடுத்த நீர்நாய்க்குட்டி. ஆற்றில் விடும்வரை அது மனிதரோடு பழகக் கூடாது. முகத்தை மூடி, சாம்பல்நிறப் போர்வைக்குள் நின்று, பேசாமல் மீனைத் தொட்டியில் நழுவவிட வேண்டும். எனக்கென்ன கஷ்டம்? நான் படித்த கான்வென்ட்டில் சாப்பாட்டு நேரத்தில் வாய் திறந்தால் தட்டைப் பிடுங்கிவிடுவார்கள்.

காவலருக்குத்தான் வாய் சும்மா இருப்பதில்லை. பெரிய மீசை, எல்லோருக்கும் அவர் 'மீசை'தான். வெளியே நின்று குட்டியிடம், "என்ன தொரை, மீன் ருசியா?" என்கிறார். முறைத்தேன்.

பிப்ரவரி 19
மழை. மீன் தாமதம்.

மார்ச் 2
சோதனை. ஆள் அருகே நடந்தால் குட்டி முங்கி ஒளிய வேண்டும். மருமகள் நடந்தாள், முங்கியது. மீசை நடந்தார், முங்கியது. நான் நடந்தேன். கரையேறி, கம்பிவலையில் மூக்கை வைத்துக் கீச்சிட்டது.

இப்படியே விட்டால் மீன்பிடிப்பவர்களிடம் போய் நிற்கும், அடித்துக் கொல்வார்கள். விடாவிட்டால் ஆயுளுக்கும் கூண்டு.

"யாரோ பேசியிருக்காங்க," என்றேன், மீசையைப் பார்த்து.

"நான் பேசியிருந்தா எங்கிட்டல்ல வந்திருக்கணும், அம்மா?"

மார்ச் 3
மருமகள் துலக்கிய பாத்திரத்தையே துலக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, திரும்பாமலே: "அத்தை, கோவிச்சுக்காதீங்க. உங்க பவுடர் வாசனை."

வாசனை கூடாது என்பது விதி. தெரியும். பவுடரை அந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. அது இல்லாமல் அறையைவிட்டு வந்ததில்லை. என் கணவர் இறந்த அன்றும் பூசிக்கொண்டுதான் கூடத்தில் உட்கார்ந்தேன். துக்கம் கேட்க வந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

"முன்னாடியே ஏன் சொல்லல?"

"உங்ககிட்ட யாரு சொல்றது?"

நியாயம்தான்.

மார்ச் 5
முகமூடி போட்டுக்கிட்டு பவுடரும்! புத்தி எங்க போச்சு எனக்கு?

விலகிக்கொள்கிறேன் என்றேன். மருமகள் விடவில்லை. "நீங்க நின்னுட்டா அது மறந்திடாது. அந்த வாசனைன்னாலே ஆபத்துன்னு புரியணும். நீங்கதான் விரட்டணும், அத்தை."

மீசை தகரத் தட்டும் கட்டையும் கொண்டுவந்தார். "மாமியார் குரலை எடுத்து விடுங்கம்மா. காடே காலியாயிடும்."

மருமகள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

மார்ச் 6
கூடுதலாகவே பூசிக்கொண்டு போனேன். ஓடி வந்தது. தட்டினேன். திகைத்து நின்றுவிட்டு மறுபடி வந்தது. ஏண்டா வர்ற? போயேன் — போயேண்டா! தண்ணீரை வாரி முகத்தில் இறைத்தேன்.

திரும்பும்போது தட்டை இரண்டு முறை நழுவவிட்டேன். வயது.

மார்ச் 9
வந்தது. தட்டினேன்.

மார்ச் 17
பாதி தூரம் வந்து நின்றது. அதற்கும் தட்டினேன்.

ஏப்ரல் 2
கதவுச் சத்தத்துக்கே தண்ணீருக்குள் போய்விட்டது. தட்டை எடுக்கவில்லை. நான் வெளியேறும்வரை தலை காட்டவில்லை. மருமகள் தேறிவிட்டது என்றாள்.

ஏப்ரல் 11
ஆற்றில் விட்டார்கள். குட்டி கரையோரச் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தது. காற்று எங்கள் பக்கமிருந்து ஆற்றை நோக்கி. மருமகள் கண் காட்டினாள், பவுடர் வாசனையோடு நடந்தேன். தலை தூக்கி மோந்தது. அடுத்த நொடி நீருக்குள். எதிர்க்கரை நாணலில் ஏறி, திரும்பிப் பார்க்காமல் போயிற்று.

வண்டிக்கு ஏறும் சரிவில் மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பிடிமானம் தேவையில்லை. உதறவில்லை.