நடுவில் வைத்த ஜெனரேட்டர்

கூலிபா வளைவு,
ஜூலை, செவ்வாய்க்கிழமை காலை.

அன்புள்ள டல்சிக்கு,

நானும் கிளாரியும் நலம். ஜெனரேட்டருக்குத்தான் உடம்பு சரியில்லாமல் இருந்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீ எடுத்தால்தானே? சிக்னல் கிடைக்கும் அந்த மேட்டில் மூன்று முறை ஏறி இறங்கி முழங்கால் வலி வந்ததுதான் மிச்சம். ஆகவே கடிதம். பாதியில் மடித்து வைத்துவிடாதே, கடைசி வரை படி.

உன் கடிதம் ஊர்த் தபால் நிலையத்தில் எனக்காகக் காத்திருந்தது. கேரவனை விற்கப் போகிறாய், மாதக் கடைசியில் யாரோ ஒரு தம்பதி பார்க்க வருகிறார்கள், உன் வெர்ன் கண்ணை மூடிய பிறகு இனி வடக்கே வருவதில் அர்த்தமில்லை என்று எழுதியிருந்தாய். அதற்கு இப்போதே பதில் எழுதினால் உன்னைத் திட்டிவிடுவேன். கொஞ்சம் ஆறட்டும்.

போன வாரம் வந்து சேர்ந்தோம். அங்கே தெற்கே பல்லாரட்டில் ஜூலைக் குளிர், உறைபனி என்றாய்; இங்கே பகலில் கேரவனுக்குள் உட்கார முடியவில்லை, அப்படி ஒரு வெயில். ஆற்றில் தண்ணீர் குறைவு. நம் மரத்தடி காலியாகவே இருந்தது. எங்கள் கேரவனை எங்கள் இடத்தில் நிறுத்தினோம். உன் இடத்தை அப்படியே விட்டுவிட்டோம். கிளாரி இறங்கியதும் ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு போய், வழக்கமாக வைக்கும் இடத்தில் வைத்தார். பதினாறு குளிர்காலமாக அது நிற்கிற இடம் அதுதானே.

ஒரே இழுப்பில் ஓடியது. எனக்கு வாயெல்லாம் பல். கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத் தானே நின்றது. மறுபடி இழுத்தார், மறுபடி நின்றது. எண்ணெய் பார்த்தார், நிறைய இருந்தது. பக்கத்தில் கேஸ் என்று ஒரு டச்சுக்காரர் இருக்கிறார். யாரும் கேட்காமலே யோசனை சொல்வதில் மன்னன். "பெட்ரோல் பழசு, கொட்டிடுங்க" என்றார். கொட்டினோம். "பிளக்கை மாத்துங்க" என்றார். மாற்றினோம். "அப்ப ஜெனரேட்டரையே மாத்துங்க" என்றார். "ஒங்க வாயை மொதல்ல மாத்துங்க" என்று நான் சொன்னேன். கிளாரிக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்தது அந்த ஒரு தடவைதான்.

தன் நாயோடு தனியாக ஊர் சுற்றுகிற ஷோனா என்ற பெண் ஆற்றுப் பக்கமிருந்து வந்தாள். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவளாம். நின்று பார்த்தாள். பூட்ஸ் காலை ஜெனரேட்டரின் ஒரு பக்கம் கொடுத்து லேசாகத் தூக்கிப் பிடித்து, "இப்ப இழுங்க" என்றாள். ஓடியது, நிற்கவே இல்லை. "சாஞ்சு நின்னா எண்ணெய் ஒரு பக்கம் ஓடிடும். எண்ணெயே இல்லைன்னு நெனச்சு அதுவா நின்னுக்கும். பலகை கிலகை ஒண்ணும் வெக்க மாட்டீங்களா?" என்று கேட்டாள். பலகை! வெர்ன் வைப்பாரே, அந்தப் பழைய கதவுத் துண்டு! வருடாவருடம் அவர் குனிந்து, பலகையை வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, ஒரு கல்லைச் செருகி, மறுபடி பார்ப்பார். நீயும் நானும் அவர் பின்னால் நின்று கேலி செய்வோம். அவர் என்ன செய்கிறார் என்று நாம் ஒரு நாளாவது கேட்டோமா, டல்சி?

சரி, கீழே இரண்டு தட்டைக் கல் கொடுத்தாயிற்று. தொல்லை விட்டதா என்றால் இல்லை. ஏசியைப் போட்டால் விசிறி மட்டும் சுற்றும். குளிர வைக்கிற மோட்டார் கிளம்பும்போது கிழட்டுப் பசு மாதிரி ஒரு முனகல். உடனே ஜெனரேட்டரில் சிவப்பு விளக்கு, எல்லாம் செத்துவிடும். வெர்ன் சொல்வது நினைவிருக்கிறதா? "எல்லாத்தையும் கழட்டு. ஒண்ணொண்ணா மாட்டு. எதை மாட்டினதும் சாகுதோ அதான் திருடன்." அப்படியே செய்தேன். ஜெனரேட்டரிலேயே நேராக ஒரு விளக்கை மாட்டினேன், ஜம்மென்று எரிந்தது. கேரவனுக்குள் பேட்டரி சார்ஜர் போட்டேன், சரி. கெட்டில் போட்டேன், கொதிக்க ஒரு யுகம் ஆயிற்று. ஏசி போட்டேன், செத்தது. ஏசிதான் திருடன் என்று முடிவு கட்டினோம். கேஸ் உடனே புது ஏசிக்கு விலை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அன்று மாலை கிளாரி மேட்டில் ஏறி எங்கள் மகள் ஜேனலிடம் பேசினார். அவளுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? "அப்பா, ராத்திரி மாட்டிக்கிட்டுத் தூங்குற அந்த மூச்சு மெஷினுக்கு பேட்டரி ஏறாமப் போனா என்ன பண்ணுவீங்க? வயசான காலத்துல எதுக்கு இந்த வேலை? வீட்டுக்கு வாங்க" என்று அவள் சொன்னதை வந்து ஒப்பித்தார். ஒப்பித்துவிட்டு, "அவ சொல்றதும் சரிதான். இந்த வருஷத்தோட போதும், நோலீன்" என்றார். நான் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. நீயும் இல்லை, நாங்களும் இல்லை என்றால் இந்த மரத்தடி யாருடையது? எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

மறுநாள் ஷோனா டீ குடிக்க வந்தவள் ஒயரைத் தொட்டுப் பார்த்தாள். "சுடுதே! இது என்ன ஒயர்?" என்றாள். வெர்னின் ஒயர்கள் உன்னிடம் இருந்ததால், வீட்டில் புல்வெட்டிக்கு வைத்திருந்த மெல்லிய ஒயர், இரண்டைச் சேர்த்துப் போட்டிருந்தார் கிளாரி. "சணல் கயித்துல எருமையைக் கட்டி இழுக்கிறீங்க. பாதி கரண்ட் வழியிலேயே செத்துடுது. ஏசி மேல ஒரு தப்பும் இல்லை" என்றாள். பிறகு அந்த ஒயர் வழியே நடந்துபோய் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நின்றாள். எங்கள் கேரவனைப் பார்த்தாள். திரும்பி அந்தப் பக்கம் பார்த்தாள். அங்கே புல்லும், போன வருடம் வெர்ன் அடித்த முளைக்குச்சி ஒன்றும்தான் இருந்தன. "இதை ஏன் இவ்வளவு தூரத்துல வெச்சிருக்கீங்க? அந்தப் பக்கம் யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

கிளாரி தன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். என்னத்தைச் சொல்வது? முதல் வருடம் வழியில் எங்கள் ஜெனரேட்டரை எவனோ தூக்கிக்கொண்டு போனபோது, "ரெண்டு குடும்பத்துக்கும் ஒண்ணு போதும்டா, நடுவுல வெச்சுப்போம்" என்று வெர்ன் சொன்ன கதையையா? நால்வரும் சேர்ந்து இதை வாங்கிய கதையையா? இரண்டும் சேர்ந்து ஓடினால் ஜெனரேட்டர் தாங்காதே, நான் "கெட்டில்!" என்று ஜன்னல் வழியே கத்த, நீ "பொறுடி, ஏசி ஓடுது!" என்று அங்கிருந்து கத்துவாயே, அதையா? இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் இந்த ஆற்று வளைவே நம் டிவி முன்னால் உட்கார்ந்திருக்க, நீ தலைமுடி காய வைக்கிறேன் என்று அந்தச் சனியனைப் போட்டு எல்லாம் இருண்டுபோனதே! நான் கெட்டில் வைக்கிறேன் என்று கூவினேன், டல்சி. இன்றைக்கும் சத்தியம் செய்வேன், கூவினேன்.

ஷோனாவே ஜெனரேட்டரைத் தூக்கிவந்து எங்கள் கேரவனுக்குப் பின்னால் வைத்தாள். தன் தடித்த ஒயரைக் கொடுத்தாள். ஏசி ஒரு முறை தும்மிவிட்டுக் கிளம்பியது. பேட்டரியும் நிறைந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன். கிளாரி மட்டும் அந்தக் குளிர் காற்றில் உம்மணாமூஞ்சியாக உட்கார்ந்திருந்தார். நான் எழுந்துபோய் டீ வைக்கலாம் என்று ஜன்னலைத் திறந்து "கெட்டில்!" என்று கத்தினேன். வெளியே நாயோடு போய்க்கொண்டிருந்த ஷோனா, "யாருகிட்ட சொல்றீங்க?" என்றாள். கிளாரி எழுந்து வெளியே போய்விட்டார்.

அடுத்த நாள் கேஸோடு டவுனுக்குப் போய்வந்தார். என்ன வாங்கி வந்தார் தெரியுமா? தடித்த ஒயர் இரண்டு. ஒரு பலகை. ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு போய் மறுபடி நடுவிலேயே வைத்தார். பலகை மேல் வைத்து, ஒரு கண்ணை மூடி, அதே வெர்ன் மாதிரி குனிந்து பார்த்தார். எனக்கு வந்ததே கோபம். "கிட்ட வெச்சா ஓடுறதை எட்ட வெச்சு எதுக்கு இந்தக் கூத்து? ஒரு கேரவனுக்கு ரெண்டு ஒயர் எதுக்கு? மூளை பிசகிடுச்சா உங்களுக்கு?" என்று கத்தினேன். அவர் நிமிரவே இல்லை. "அவ கேரவனை விக்கட்டும், விக்காமப் போகட்டும். அது அவ இஷ்டம். வந்தா மாட்ட ஒயர் இருக்கணும்ல. வெர்னோட ஒயர் அந்தக் கேரவனோட போயிடுமே" என்றார். பிறகு, "இதை அவளுக்கு எழுதித் தொலைக்காதே" என்றார்.

எழுதிவிட்டேன். நாற்பத்தெட்டு வருடத்தில் அவர் சொன்ன எதை நான் கேட்டிருக்கிறேன்?

ஏசி நடுவிலிருந்தும் நன்றாகவே ஓடுகிறது. இந்த வருடத்தோடு போதும் என்ற பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இரண்டாவது ஒயரைச் சுருட்டி, உன் பக்கத்து மரக்கிளையில் மாட்டியிருக்கிறார். பனி படக்கூடாது என்று முனையில் ரொட்டிப் பையைச் சுற்றி ரப்பர் போட்டிருக்கிறார். காலையில் பல் துலக்கும்போது அது என் கண்ணில் படுகிறது. பட்டால் நீ வருகிறாயா என்று பாதைப் பக்கம் பார்க்கிறேன். இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

விற்காதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்தக் கேரவனில் வெர்ன் பக்கத்துப் படுக்கை காலியாக இருப்பதை நீதான் பார்க்க வேண்டும், நானில்லை. ஆனால் அந்தத் தம்பதி வருவதற்கு முன்னால் கேரவனின் முன்பெட்டியைத் திறந்து பார். வெர்னின் ஒயர்களும் அந்தக் கதவுத் துண்டும் அங்கேதான் இருக்க வேண்டும். அவற்றையாவது எடுத்து வைத்துக்கொள். கேரவன் இல்லாவிட்டால் என்ன, எங்கள் மேசையை மடித்தால் ஒரு படுக்கை ஆகும். கிளாரி குறட்டை விடுவதில்லை இப்போது, அந்த மெஷின் புண்ணியம்.

நாளைக் காலை கேஸ் டவுனுக்குப் போகிறார், இதை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். விறகு நனையாமல் வை. ஒரு வேளையாவது சூடாகச் சாப்பிடு. கடவுள் உன் கூடவே இருக்கட்டும், டல்சி.

வா. வந்து, ஏசியைப் போடுவதற்கு முன்னால் மட்டும் ஒரு குரல் கொடு. நான் கெட்டிலை நிறுத்திவிடுகிறேன்.

என்றும் உன்,
நோலீன்