சிவந்த கண்ணுக்கு ஒரு காரணம்

மார்ச் 4
நாள் முழுக்க ரிப்பேர் கடையில் செல்போன் போர்டும் சால்டரிங் புகையும். கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டது மாதிரி. கண் டாக்டர் சொன்னார்: “கண்ணு காஞ்சு போயிருக்கு. லென்ஸுல பார்க்கும்போது இமைக்கவே மறந்துடறீங்க. சொட்டு மருந்தை விடாதீங்க.” இமைப்பதற்குக்கூட ஆள் வைத்து ஞாபகப்படுத்த வேண்டிய பிழைப்பு.

மார்ச் 11
எரிச்சல். கண்ணோடு நின்றால் பரவாயில்லை. போன் ரெடியா என்று கேட்டவரிடம் வள்ளென்று விழுந்தேன்.

மார்ச் 19
கடை திறக்கவில்லை. திறந்து?

மார்ச் 23
மச்சான் வந்தார், என் மனைவியின் அண்ணன். இவள்தான் வரச் சொல்லியிருப்பாள். என் கண்ணையே பார்த்தார். “மாப்பிள்ளை, மறைக்காதீங்க. எவ்வளவு நாளா குடிக்கிறீங்க?”

சிரிப்புத்தான் வந்தது. நான் மோந்து பார்த்ததுகூட இல்லை. ஆனால் வேறென்ன சொல்ல? எதுவுமே பிடிக்கவில்லை, ஏன்டா விடிகிறது என்று இருக்கிறது என்றா? குடிகாரனைத் திட்ட எல்லோருக்கும் தெரியும். இதைச் சொன்னால் என்ன செய்வார்கள்?

“கொஞ்ச நாளாத்தான் மச்சான்” என்றேன்.

மார்ச் 24
அலமாரி, கட்டிலடி, பழைய போன் பெட்டிகள் – வீடெல்லாம் பாட்டில் தேடுகிறாள். பாவம். இருந்தால்தானே கிடைக்கும்.

ஏப்ரல் 2
கண் டாக்டரிடம் அவளும் வந்தாள். நான் உட்காருவதற்குள், “குடியை விட்டா இவர் கண்ணு சரியாயிடுமா டாக்டர்?” என்று கேட்டுவிட்டாள்.

“குடிப்பீங்களா?” என்றார் டாக்டர். இல்லை என்றேன். பொய்யை அதற்கு மேல் இழுக்கத் தெம்பில்லை. அவள் திரும்பிப் பார்த்த பார்வை! டாக்டர் கண்ணைச் சோதித்துவிட்டு, சிவப்புக்குக் காரணம் வறட்சிதான் என்றார். பிறகு, “தூக்கம் எப்படி? மனசு எப்படி இருக்கு?” தூக்கமே இல்லை என்று மட்டும் சொன்னேன். “இந்தத் தொந்தரவு இருக்கிற நிறைய பேருக்கு மனசும் சோர்ந்து போகுது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு மோசமாக்கும். மனநல டாக்டரையும் பாருங்க.”

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள்: “குடிக்கிறேன்னு சொல்ல முடிஞ்சுது. இதைச் சொல்ல முடியலையா?”

“முடியலடி” என்றேன். அழுதுவிட்டேன்.

ஏப்ரல் 9
மனநல டாக்டரின் அறைக்கு வெளியே காத்திருந்தோம். மச்சானிடமிருந்து போன், குடியை விட்டாச்சா என்று. அவளே வாங்கிப் பேசினாள். “அவர் குடிக்கவே இல்லண்ணா. மனசு சரியில்ல. டாக்டர்கிட்ட வந்திருக்கோம்.” காய்ச்சல் என்பதுபோல் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள்.

போனை என் காதருகே நீட்டினாள். மச்சான் கேட்டார்: “நானும் வரட்டுமா?”