தங்கையின் கைக்கோல் குறித்து மலைநாட்டு மைத்துனருக்கு

கடலில் உப்பும் மலையில் மழையும் என்றும் குறையாதிருக்க.

வெண்கழி நாட்டின் காவலரும், கலம் செலுத்தித் தோல்வியறியாத கடலனார் மரபில் தோன்றியவரும், வலம்புரிச் சங்கை இலச்சினையாக உடையவருமான பெருஞ்சாத்தனார், மஞ்சணி மலைநாட்டை ஆள்பவரும், கருங்காலிக் காடுகளுக்கும் தேன்வரைகளுக்கும் தலைவரும், நம் தங்கை முத்தரசியைக் கைப்பிடித்த பேற்றினால் எல்லாப் புகழிலும் மேலான புகழ் எய்தியவருமான மைத்துனர் வேள் நெடுங்கீரனார்க்கு விடுக்கும் திருமுகம்.

நம் நாட்டில் யாவரும் நலம். உப்பு நன்றாக விளைந்திருக்கிறது. உம் நாட்டில் தினை முற்றியதையும், யானைகள் கன்று ஈன்றதையும், மழை காலம் தவறாமல் பெய்ததையும் வணிகர் வாயிலாகக் கேட்டறிந்தோம். கேட்டு மகிழ்ந்தோம் என்று எழுதுவதே முறை, ஆகவே மகிழ்ந்தோம்.

இனி, ஓலை எழுதப் புகுந்த காரணம். நம் தங்கை அருவிக்கரையில் வழுக்கி விழுந்து இடுப்பு நொந்து, கோல் இன்றி நடக்க இயலாதவள் ஆனாள் என்ற செய்தி வந்த நாளிலேயே, அரசு காரியம் ஒழிந்த வேளைகளில் கைக்கோல் செய்வதைப் பொழுதுபோக்காகக் கொண்ட நாம், அவள் ஊன்றுவது நம் கையால் செய்த கோலாகவே இருக்க வேண்டும் என்று உறுதி பூண்டோம். உமக்கும் அதே பொழுதுபோக்கு உண்டு என்பதை அறிவோம். அது எம்மிடமிருந்து உமக்குத் தொற்றியது என்பதை உம் அவையோர் அறிவார்களோ இல்லையோ தெரியவில்லை. திருமணச் சீரில் நாம் வைத்த புன்னைக் கோலை நீர் திருப்பித் திருப்பிப் பார்த்ததும், அடிமுனை உலோகப் பூணை எப்படி இவ்வளவு இறுக்கமாகப் பொருத்தினீர் என்று கேட்டதும் நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. கேட்டதற்கு நாமும் ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தோம். அன்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

ஆயினும் மைத்துனரே, இருவர் நிலையையும் எண்ணிப் பாரும். நீர் அரண்மனைப் பின்வாயிலைத் திறந்தால் காடு. கருங்காலி வேண்டுமா, கைக்கெட்டும் தொலைவில் நிற்கிறது. கல்மூங்கிலும் பிரம்பும் உமக்கு வேலியில் முளைக்கின்றன. கைப்பிடிக்குக் கொம்பு வேண்டுமென்றால் கடமான்கள் பருவத்தில் உதிர்த்துவிட்டுப் போனதைக் குனிந்து பொறுக்கினால் போதும். நமக்கோ கண்ணுக்கெட்டிய தொலைவு உப்புப் பாத்தி. மிஞ்சினால் தாழை, பனை, காற்றுக்கு முதுகு வளைந்த புன்னை. நேரான ஒரு கழி கண்ணில் படுவதற்குள் குதிரைக்கு லாடம் தேய்ந்துவிடுகிறது. நீர் காட்டுக்குள் போய் எதை எடுப்பது என்று திகைக்கிறீராம். நாம் எதையாவது எடுக்க மாட்டோமா என்று ஏங்குகிறோம். இதை நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அரசன் இவ்வாறு எழுதலாகாது என்று ஓலைநாயகம் எயினனார் எழுத்தாணியை நிறுத்தினார். எழுதும் என்றோம்.

அப்படிப்பட்ட நாட்டில், உப்பங்கழிக் கரையோரத்தில், காட்டுக்கொடி ஒன்று சுற்றிச் சுற்றி இறுக்கியதால் முறுக்கிய கயிறு போல வளர்ந்த பூவரசங்கன்றைக் கண்டுபிடித்தோம். நம் இரு நாட்டிலும் கோல் செய்வோர் கைக்கொண்ட வழக்கப்படி, கண்டவர் நாம் என்பதற்கு அடையாளமாகத் தாழை நாரால் அதில் முடிச்சிட்டோம். முடிச்சிட்ட கன்றில் பிறர் கத்தி வைப்பதில்லை என்பது உமக்குத் தெரியாததல்ல. தேய்பிறை வரும்வரை பொறுத்து வெட்டினோம். வளர்பிறையில் வெட்டிய மரத்தில் வண்டு விழும் என்பதால், அமைச்சர்கள் ஒரு படையெடுப்புக்கு நாள் குறிக்கக் காத்திருந்தபோதும் அந்த நிலவுக்கே முதலிடம் தந்தோம். வெட்டிய முனைகளில் தேன்மெழுகு பூசி உப்பங்கழிச் சேற்றில் புதைத்தோம். எடுத்து நிழலில் உலர்த்தி, கோணலை அனலில் வாட்டி நிமிர்த்தி, சுறாத்தோலால் தேய்த்து, புன்னை எண்ணெய் ஊட்டினோம். கைப்பிடிக்கு உம்மிடம் கடமான் கொம்பு கேட்டோம். நீர் அனுப்பிய கொம்பில் விரிசல் இருந்தது. அறியாமல் அனுப்பினீர் என்று அவையில் சொன்னோம். அவைக்கு வெளியே வேறு சொன்னோம். பிறகு சங்கைச் செதுக்கி நாமே கைப்பிடி செய்துகொண்டோம்.

கோல் உம் நகரை அடைந்தது. எல்லைக் கொற்றவை கோயில் விழாவுக்குச் சென்ற நம் உப்பு வணிகர் திரும்பி வந்து சொன்னது என்ன? அரசி கோயில் வாயிலில் கோலூன்றி நின்றாராம். இரு நாட்டு மக்களும் பார்த்தார்களாம். அவர் கையில் இருந்தது கொடி சுற்றிய கருங்காலிக் கோலாம். அதைச் செய்தவர் நீராம். நம் கோல் எங்கே என்று அவர்கள் நாசூக்காக விசாரித்தபோது, அது அந்தப்புரத்தில் மூலையில் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று உம் பணிப்பெண் ஒருத்தி சொன்னாளாம். மூலையில். இந்தச் சொல்லைக் கேட்ட இரவு நாம் உணவு கொள்ளவில்லை.

இதற்கும் மேலே ஒன்று உண்டு. கொடி சுற்றிய கருங்காலி என்றதும் நமக்குச் சுருக்கென்றது. திருமணத்துக்கு வந்திருந்தபோது, உம் மலைச்சரிவில் கொடி சுற்றிய கருங்காலிக் கன்று ஒன்றைக் கண்டு, நாம் கையோடு கொண்டுவந்திருந்த தாழை நாரால் முடிச்சிட்டதும், தக்க பருமன் வந்தபின் நாமே வந்து வெட்டிக்கொள்வோம் என்று உம்மிடம் சொன்னதும், நீர் தலையசைத்ததும் மறந்துபோயினவா? நம் முடிச்சை அறுத்து, நம் கன்றை வெட்டி, நம் தங்கையின் கையில் கொடுத்து, ஊரார் முன்னே நம் முகத்தில் கரி பூசினீர். இதன் உண்மையைக் கேட்டறிய நம் தூதன் கொற்றனை அனுப்பினோம். மழையில் அவன் திரும்பத் தாமதமாகிறது. காத்திருக்கப் பொறுமை இல்லாததால் இவ்வோலையைத் தொடங்கினோம்.

ஆகவே அறிவிப்பது யாதெனில், உம் நாட்டுக்கு வரும் உப்பு வண்டிகள் யாவும் கணவாயின் இப்புறத்தில் நிறுத்தப்பட்டுள்ளன. நம் கோல் நம் தங்கையின் கைக்கு வரும்வரையில் ஒரு வண்டியும் மலையேறாது. ஊறுகாய்க்கும் உப்பின்றி உம் மக்கள் உம்மை வந்து கேட்கட்டும். அவர்களுக்கு உம் கருங்காலிக் கோலைக் காட்டும்.

இவ்வளவும் எழுதி முத்திரைக்கு அரக்கு உருக்கிக்கொண்டிருந்த வேளையில் கொற்றன் சேறும் சகதியுமாக வந்து சேர்ந்தான். ஓலையில் கீறியதை அழிக்க இயலாது. மேற்கண்ட ஏடுகளைத் தீயிலிட்டுப் புதிதாக எழுதலாம் என்று எயினனார் கருத்துரைத்தார். வேண்டாம் என்றேன். நீர் எல்லாவற்றையும் படியும். இனி எழுதுவது வெண்கழி நாட்டு வேந்தனல்லன், முத்தரசியின் அண்ணன். ஆதலால் நாம் என்பதை விட்டு நான் என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.

கொற்றன் முதலில் என் கன்றைப் பற்றிச் சொன்னான். நீர் அவனை மலைச்சரிவுக்கு நேரில் அழைத்துச் சென்றீராம். அங்கே இருப்பது கன்றல்லவாம். அவன் இரு கைகளாலும் கட்டிப் பிடித்தாலும் அடங்காத மரமாம். சுற்றிய கொடி எப்போதோ காய்ந்து உதிர்ந்துவிட்டதாம். தாழை நார் மக்கிப் போய், அது இறுக்கிய இடத்தைப் பட்டை மூடி வளர்ந்து, ஒரு வடு மட்டும் இருக்கிறதாம். நான் முடிச்சிட்டது என்பதால் உம் தச்சர் எவரையும் இத்தனை காலம் அதை அண்ட விடவில்லை என்றீராம். உம் கோல் வேறொரு கன்றில் செய்ததாம். திருமணத்தில் பார்த்த கன்று என் நினைவில் கட்டைவிரல் பருமனிலேயே நின்றுகொண்டிருந்தது. அது வளரும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஆண்டுதோறும் மரம் தேடி அலைகிறவனுக்கு வரத்தக்க பிழையா இது?

பிறகு கோலைப் பற்றிச் சொன்னான். கோல் செய்கிறவன், ஊன்றுகிறவரைச் செருப்பின்றி நிற்கவைத்து, கை தொங்க, மணிக்கட்டிலிருந்து தரைவரை தன் கையாலேயே நூல் பிடிக்க வேண்டும் என்பது முதல் பாடம். அதை உமக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான். ஆனால் நான் நூல் பிடிக்கவில்லை. எங்கள் அரண்மனையில் பெண் புகுந்த வீட்டுக்குப் போகும் நாளில் அவள் உயரத்தை வாயில் தூணில் கீறி வைப்பது வழக்கம். அந்தக் கீறலுக்குச் சரியாக நிற்கும் பெண்ணொருத்தியைத் தேடிப் பிடித்து நிறுத்தி, அவள் மணிக்கட்டுக்கு அளவெடுத்தேன். மிகத் துல்லியமாக எடுத்தேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

முத்தரசி அந்த உயரத்தில் இல்லையாம். விழுந்தபின் இடுப்பு வளைந்து குனிந்தே நடக்கிறாளாம். தலை முழுதும் நரைத்துவிட்டதாம். என் கோலை ஊன்றினால் தோள் தூக்கிக்கொண்டு வலிக்கிறதாம். அடியில் ஒரு சாண் அறுத்துத் தருகிறேன் என்று நீர் ரம்பத்தோடு போய் நின்றபோது அவள் சொன்னதைக் கொற்றன் அப்படியே சொன்னான். எயினனார் அதைச் செந்தமிழாக்க முயன்றார், தடுத்துவிட்டேன். அவள் சொன்னது இது:

"அண்ணன் மனசுல நான் இன்னும் அந்தத் தூண் உயரத்துலதான் நிக்கிறேன். அத அறுக்க எனக்கு மனசு வரல."

மைத்துனரே, இதைக் கேட்டபின் எழுந்து போய் வாயில் தூணின் அந்தக் கீறலில் கை வைத்துப் பார்த்தேன். எயினனார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூலையில் என்று என் வணிகர் சொன்னது பாதிதான் உண்மையாம். அது அவள் தலைமாட்டு மூலையாம். பகலெல்லாம் உம் கோலோடு நடக்கிறவள், படுக்கும்போது என் கோலின் சங்குப்பிடியைத் தடவிவிட்டுத்தான் படுக்கிறாளாம். அதில் கடல் வாடை வருகிறது என்கிறாளாம். புன்னை எண்ணெய் காய்ந்துவிடாமல் அவளே பூசுகிறாளாம். உம் கோலுக்கு நாள் முழுதும் சேறுதானாம். இதைச் சொல்லும்போது நீர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தீர் என்றும், "கருங்காலியை இழைத்து இழைத்து என் விரல் தேய்ந்தது, அவளோ அந்தப் பூவரசங்கட்டையைக் கொஞ்சுகிறாள்" என்று குறைப்பட்டுக்கொண்டீர் என்றும் கொற்றன் கூறினான். உமக்கும் எரிகிறது என்று அறிந்தேன். கேட்டு மகிழ்ந்தேன். இம்முறை முறைக்காக எழுதவில்லை.

ஆனால் மகிழ்ச்சி நெடுநேரம் நிற்கவில்லை. உமக்கு அவள் மணிக்கட்டின் உயரம் தெரியும். எனக்குத் தெரியாது. பிறந்தகத்துக்குப் பெண்தான் வர வேண்டும், அண்ணன் போய் நிற்பது முறையல்ல என்று அரியணையில் சாய்ந்துகொண்டு காத்திருந்தேன். நடக்க முடியாதவளை நடந்து வா என்று காத்திருந்தேன். நல்ல கழிக்காக நாடெல்லாம் திரிந்த குதிரைக்கு உம் மலைக்கு வழி தெரியாமல் போய்விட்டது. உம்மிடம் நான் உண்மையில் பொறாமைப்பட வேண்டியது கருங்காலிக்காட்டுக்காக அல்ல. நித்தமும் அவள் எதிரே நிற்கிறீரே, அதற்காக.

ஆகவே முன் ஆணையை மாற்றி இப்போது அறிவிப்பதாவது: கணவாயில் நின்ற உப்பு வண்டிகள் இவ்வோலைக்கு முன்னதாகவே புறப்பட்டுவிட்டன. கடைசி வண்டியின் பின்னால் நான் வருகிறேன். கையில் நூலும் சுறாத்தோலும் சிறு ரம்பமும் இருக்கும், படை இராது. என் கோலை நான் வரும்வரை எவரும் அறுக்கலாகாது. அவளைச் செருப்பின்றி நிற்கவைத்து, என் கையால் நூல் பிடித்து, என் கையால் அறுப்பேன். அறுத்த துண்டை அவள் வைத்துக்கொள்ளட்டும். மலைச்சரிவில் உள்ள மரத்தையும் எனக்குக் காட்டும். அதன் தாழ்ந்த கிளையொன்றில் கொடி சுற்றியிருந்தால், அதை வெட்டும் உரிமை யாருக்கு என்பதை நாம் இருவரும் நேரில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். விட்டுக் கொடுப்பேன் என்று எதிர்பாராதீர்.

வலம்புரிச் சங்கு முத்திரை இட்டு, எயினனார் கைப்பட எழுதி, கொற்றன் வசம் விடுத்தது. மலையும் கடலும் பகையின்றி வாழ்க. அண்ணன் வரும் செய்தியை முத்தரசியிடம் நீர் சொல்ல வேண்டாம், கொற்றன் சொல்வான். என்னை எதிர்கொள்ள அவள் நகர வாயில்வரை உம் கோலை ஊன்றி வரட்டும், அதுவரை பொறுத்துக்கொள்கிறேன். வாயிலிலிருந்து அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். அந்தக் கோலைத் தூக்கிக்கொண்டு நீர் பின்னால் வாரும்.