அதுவும் ஊசிதான்

செப்டம்பர் 6, 1987, ஞாயிறு

காலையில் தூறல். பத்து மணிக்கு மேல் வெயில். அணைப் பக்கம் மட்டும் இருட்டு, மலை தெரியவில்லை.

செய்ய வேண்டியவை: ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் 42. அண்ணனுக்கு முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை (பனியனைத் தலை வழியே மாட்ட முடிவதில்லை). குளியலறைத் தரைக்குக் கோணி.

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து ஏழு வாரம். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி ஒரு மாதம். நானும் கள்ளக்குறிச்சி வாடகை வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே, கச்சிராயபாளையத்தில், அவர் வீட்டில். முதல் டவுன் பஸ்ஸில் பள்ளிக்கூடம், சாயங்காலம் திரும்பல். அவருக்கு வலது கால் கொஞ்சம் வருகிறது. கை பாதிதான் எழும்புகிறது, விரலில் ஒன்றும் இல்லை. பேச்சு மெதுவாக, ஆனால் புரிகிறது.

மாத்திரைப் பட்டியலை நானே எழுதி பீரோ கதவில் ஒட்டியிருக்கிறேன். அடியில் சிவப்பு மையில் பாண்டி டாக்டர் சொன்னது: ரத்தக் கொதிப்பு ஏறாமல் பார்த்துக்கொள்ளவும், இன்னொரு முறை வந்தால் தாங்காது.

அண்ணி புதிதாக ஒன்று கொண்டுவந்திருக்கிறார். கடைத்தெருவில் மாணிக்கம் என்று ஒரு அக்குபங்சர்காரராம். ஊசி குத்தியே கை கால் வரவைப்பாராம்.

“கொழும்புல படிச்சவராம் வாசுகி. நம்ம ஆளுதான். நம்பலாம்.”

நம்ம ஆள் என்பது எந்தப் பாடத்தில் தேர்ச்சி என்று கேட்க நினைத்தேன். இந்த மாதம் ஊர் முழுக்க அந்த ஒரு சொல்லில்தான் ஓடுகிறது.

அண்ணன் மறுத்துவிட்டார். “முள்ளு குத்திக்கினு படுத்துக் கெடக்க நான் இன்னா முள்ளம்பன்னியா?” ஏழு வாரத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “நீ சொன்னா கேப்பாரு.”

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் வீட்டில் தினமும் அழுகை. அண்ணனுக்கோ சிறு வயதிலிருந்தே ஊசி போடாத டாக்டர் டாக்டரே இல்லை. பாண்டியிலும் தினம் “ஊசி போடலியா?” என்று நர்ஸைத் துரத்தியவர். “அதுவும் ஊசிதான் அண்ணே” என்றேன். யோசித்தார். சரி என்று தலையாட்டினார். பிரச்சினை முடிந்தது.

விடைத்தாள் 11 திருத்தினேன். தவளையின் இதயத்துக்கு நான்கு அறை என்று ஐந்து பேர். ஒரே பெஞ்சு.

செப்டம்பர் 9, புதன்

புழுக்கம். பஸ் முக்கால் மணி தாமதம். சுவரெல்லாம் புதுப் போஸ்டர், பசை காயவில்லை. சாதி ஒதுக்கீடு கேட்டுப் பதினேழாம் தேதியிலிருந்து சாலை மறியல். ஆசிரியர் அறையில், “டீச்சர், ஒதுக்கீட்டு விஷயத்துல நீங்க எந்தப் பக்கம்?” என்று ஒருவர். “காலாண்டுத் தேர்வுப் பக்கம்” என்றேன். சிரித்தார்கள். ஆனால் குறித்துக்கொண்டார்கள்.

மாலை ஐந்துக்கு மாணிக்கம் வந்தார். ஐம்பது வயது. வெள்ளைச் சட்டை, சைக்கிள், தோளில் காக்கிப் பை. என்னை நேராகப் பார்த்துப் பேசுகிறார், அது பிடித்தது. அதனாலேயே சந்தேகமும்.

கவனித்தவை:
1. பையிலிருந்து ஸ்பிரிட் வாடை. ஊசி துடைக்க என்கிறார். அண்ணி சொல்கிறார், இவர் செவ்வாய் தோறும் கல்வராயன் மலைக்குப் போய்விடுவாராம். அந்த மலையிலிருந்து வாடையோடு இறங்குகிறவர்கள் கொண்டுவருவது கள்ளச்சாராயம் என்பது தாலுகாவுக்கே தெரியும்.
2. ஊசிகளைக் கொதிக்க வைத்தாரா என்று கேட்டேன். “வாங்க, நீங்களே வெச்சிக் குடுங்க” என்றார். வைத்தேன். இருபது நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து.
3. குத்துவதற்கு முன் ரத்த அழுத்தம் பார்க்கிறார். எதிர்பார்க்கவில்லை.
4. ஒன்பது ஊசி குத்தினார். எட்டுதான் எடுத்தார்.

நான்காவதைச் சொன்னேன். அண்ணனைப் புரட்டி, போர்வையை உதறி, பாயைத் தூக்கி, எல்லாம் ஆயிற்று. இல்லை. மாணிக்கம் டப்பாவை மூடிக்கொண்டே, “எட்டுதான் டீச்சரம்மா குத்துனேன். ஒம்போதாவது உங்க கண்ணு. வந்ததுலேர்ந்து அது ஒண்ணுதான் எடுக்காம குத்திக்கினே இருக்குது” என்றார்.

அண்ணன் சிரித்தார். வாய் வலது பக்கம் சற்றுத் தாமதமாக வந்தது. ஆனால் சிரித்தார்.

படுக்கப் போகுமுன் பாயை மறுபடி உதறிப் பார்த்தேன்.

செப்டம்பர் 11, வெள்ளி

மழை இல்லை. இன்று எட்டு. எட்டும் வெளியே வந்தன.

மாணிக்கம் அண்ணிக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். தினமும் காலையில் மூன்று காரியம். பல்லைக் காட்டச் சொல்லணும், வாய் கோணுதா. இரண்டு கையையும் தூக்கச் சொல்லணும், நேற்றுக்கு இன்று இறங்குதா. ஒரே வாக்கியத்தைச் சொல்லச் சொல்லணும், குழறுதா. மூன்றில் ஒன்று திடீரென்று மாறினாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடணும், தூங்கி எழுந்தால் சரியாகும் என்று உட்காரக் கூடாது. நியாயமான பேச்சு. யாரிடம் மனப்பாடம் பண்ணினாரோ.

என்ன வாக்கியம் என்று அண்ணனையே கேட்டோம். “கட்டிங் ஆர்டர் வந்துச்சா?” கரும்பு பதினோரு மாதத்துப் பயிர், ஆலையிலிருந்து வெட்டச் சொல்லிச் சீட்டு வர வேண்டும். வேறென்ன நினைப்பார்.

அண்ணியிடம் மாத்திரை பற்றிக் கேட்டேன். “எல்லாம் ஆவுது, ஆவுது.” இரண்டாவது ‘ஆவுது’ சற்று வேகம்.

செப்டம்பர் 13, ஞாயிறு

அண்ணனின் வலது கைக் கட்டை விரல் அசைந்தது. நானே பார்த்தேன். அண்ணி சூடம் ஏற்றிவிட்டார்.

எனக்குள் கணக்கு. மூன்று மாதத்துக்குள் ஓரளவு தானாகவே திரும்பும் என்று பாண்டி டாக்டர் முன்பே சொன்னார். துண்டைப் பிழியச் சொல்லி, புளியங்கொட்டை பொறுக்கச் சொல்லி மாணிக்கம் தினம் ஒரு மணி நேரம் வேலை வாங்குகிறார். ஊசியா, துண்டா, நாளா? மூன்றையும் ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று எப்படிச் சொல்வது. பிளஸ் டூ மாணவிக்குத் தெரியும்.

ஆனால் அசைந்தது. அடுக்களைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

செப்டம்பர் 16, புதன்

வெயில். நாளை முதல் பஸ் ஓடாது. பள்ளிக்கு விடுமுறை. அரிசி, மண்ணெண்ணெய், தீப்பெட்டி வாங்கியாயிற்று.

மாணிக்கம் இன்று அழுத்தம் பார்த்தார், மறுபடி பார்த்தார். முகம் மாறியது. “ஜாஸ்தியா இருக்குதே. மாத்திர சாப்பிடறாரா?” “சாப்பிடறாரு” என்றார் அண்ணி. அண்ணன் கூரையைப் பார்த்தார். மாணிக்கம் ஊசி போடாமலேயே எழுந்தார். “காலைல மறுபடி வந்து பாக்கறேன். கொறையலன்னா டாக்டர் கிட்ட போயிடணும்.”

அவர் போன பிறகு பீரோவுக்குப் பின்னால் காப்பித்தூள் டப்பா. தற்செயலாகத்தான் எடுத்தேன், பஞ்சு தேடினேன். உள்ளே மாத்திரைகள். வெள்ளை, மஞ்சள், எல்லாம். ஒரு வாரத்துக்கானவை இருக்கும்.

அண்ணி சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஊசி வேற போட்டுக்கினு மாத்திரையும் சாப்பிட்டா சூடு ஜாஸ்தியாயிடும்னாங்க.” யார் சொன்னது? டப்பாவை வாங்கி மூடினார். யார் என்று எனக்குத் தெரியாதா? மாத்திரையை நிறுத்தினால்தான் இந்த வைத்தியம் வேலை செய்யும் என்பது இவர்கள் எல்லோரும் சொல்வது. எங்கள் முன்னால் “சாப்பிடறாரா” என்று ஒரு நாடகம்.

இரவு வேளை மாத்திரையை நானே கொடுத்தேன். நாளை வரட்டும்.

செப்டம்பர் 18, வெள்ளி. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி

நேற்று எழுத முடியவில்லை. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

வியாழன் காலை ஆறரை. பல்லைக் காட்டச் சொன்னார் அண்ணி. வாய் இழுத்தது, போன வாரத்தை விட மோசம். தூக்கிய இடது கை அப்படியே நிற்க, வலது கை தூக்கவே இல்லை. வாக்கியம்: “கட்டி... வந்...” அதற்கு மேல் காற்றுதான். அவரே பயந்துவிட்டார். கண்ணில் தெரிந்தது.

அண்ணி, “மாணிக்கத்தக் கூப்புடு, ஒரு ஊசி போட்டா சரியாப்பூடும்” என்று கத்தினார். கூப்பிட வேண்டியிருக்கவில்லை, அழுத்தம் பார்க்க அப்போதுதான் சைக்கிளை நிறுத்தினார். ஒரு முறை பார்த்தார். பையைத் திறக்கவே இல்லை.

“இதுக்கு ஊசி கெடையாது. ஆஸ்பத்திரி. இப்பவே. வாயில தண்ணி கூட ஊத்தாதீங்க.”

ரோட்டில் புளிய மரம் வெட்டிப் போட்டிருந்தது. கார் வராது. அவரே ஓடி ஒரு மாட்டு வண்டி பிடித்து, வைக்கோல் போட்டு, அதன் மேல் கயிற்றுக் கட்டிலோடு அண்ணனை ஏற்றினார். வாய்க்கால் கரை வழியாகப் பாதி தூரம். அதற்கப்புறம் ரோட்டில் ஏறியே ஆக வேண்டும். அங்கே இன்னொரு மரம், முப்பது நாற்பது பேர்.

“எந்த ஆளுங்க நீங்க?” என்று ஒருவன், கையில் அரிவாளோடு.

மாணிக்கம் வண்டியிலிருந்து குதித்தார். “கை கால் வராத ஆளு. இன்னா பாத்துக்கினு நிக்கிற? அந்தக் கட்டில் காலப் புடி. நீ இந்தப் பக்கம் வா. தல மேல, தல மேல!”

பிடித்தார்கள். ஆறு பேர் கட்டிலோடு அண்ணனைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கினார்கள். அரிவாள்காரன் அதை இடுப்பில் செருகிவிட்டுத் தலைப் பக்கம் பிடித்தான். “பெரியவரே, ஒண்ணும் ஆவாது, கண்ண மூடிக்கோ” என்று சொல்லிக்கொண்டே வந்தான். மரத்துக்கு அப்பால் ஒரு டிராக்டர். அதையும் மாணிக்கம்தான் பேசினார்.

ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர், சின்ன வயது. அழுத்தம் பார்த்துவிட்டு விசில் அடிக்காத குறை. “மாத்திரை சாப்பிட்டாரா இல்லையா?”

மாணிக்கம் எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தார், வைக்கோல் ஒட்டிய சட்டையோடு. அவர் நிற்பது தெரிந்தே சொன்னேன். “அக்குபங்சர்காரர் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.”

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு எழுதினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை மறுப்பாவது வரும் என்று காத்திருந்தேன். திரும்பியபோது ஆள் இல்லை.

செப்டம்பர் 19, சனி

வார்டு நிரம்பி வழிகிறது, வராந்தாவிலும் படுக்கை. பொட்டலச் சோறு. ஈ.

அண்ணனுக்குப் பேச்சு திரும்பிவிட்டது, கிட்டத்தட்ட பழையபடி. சின்ன அடைப்பு, தப்பித்தார், உடனே வந்ததால் கொதிப்பை இறக்க முடிந்தது என்கிறார் டாக்டர். காலில் பழைய பலம் இல்லை. நடக்க இன்னும் நாளாகும்.

மதியம் அண்ணனிடம் நேராகக் கேட்டேன். “மாத்திரைய நிறுத்தச் சொன்னது மாணிக்கம்தானே?”

“அவரா? அவரு சாப்புடு சாப்புடுன்னு உசுர எடுப்பாரு.”

“பின்னே யாரு?”

அண்ணன் என்னை வினோதமாகப் பார்த்தார். “நீதான பாப்பா சொன்ன, அதுவும் ஊசிதான்னு. ஊசியிலயே மருந்து ஏறிப்போவுது, அப்புறம் மாத்திர எதுக்கு? ரெண்டும் சேந்தா சூடாயிடும்னு நாந்தான் அவ கிட்ட சொன்னேன். உனுக்குத் தெரிஞ்சா நீ திட்டுவேன்னு அவ மறச்சிட்டா.”

அந்த ஊசியில் மருந்தே கிடையாது, வெறும் கம்பி, என்றேன்.

“வெறும் கம்பியா? அத ஏன் முன்னாடியே சொல்லல?”

செப்டம்பர் 20, ஞாயிறு

ஆறாம் தேதிப் பக்கத்தை எடுத்துப் படித்தேன். என் கையெழுத்து. ‘பிரச்சினை முடிந்தது’ என்று வேறு.

உடம்புக்குள் மருந்து போவதும் ஊசி, போகாததும் ஊசி. அந்தச் சொல்லால் அவர் ஏமாறுவார் என்று தெரிந்துதான் அதை எடுத்தேன். இருபத்து நான்கு வருடம் உயிரியல் நடத்துகிறேன்.

டாக்டரிடம் போய் நோட்டில் எழுதியதை அடிக்கச் சொன்னேன். “விடுங்க மேடம், அந்த ஆளுங்க அப்படித்தான் சொல்வாங்க.” இல்லை, சொன்னது நான், என்றேன். என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். அடித்தார். மேலே என்ன எழுதினார் என்று நான் படிக்கவில்லை.

செப்டம்பர் 25, வெள்ளி

மழை. பஸ் ஓடுகிறது. வீடு திரும்பியாயிற்று. ரோட்டோரம் வெட்டிய மரங்கள், இலை காய்ந்து. பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதிது ஒட்டினேன். முதல் வரி: ஊசி வேறு, மாத்திரை வேறு. அண்ணி எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தார். கோபமா வெட்கமா தெரியவில்லை. எனக்கும்தான்.

கடைத்தெருவுக்குப் போனேன். மாணிக்கத்தின் கதவு பூட்டு. மலையிலிருந்து யாருக்கோ இடுப்புப் பிடிப்பு என்று ஆள் வந்து அழைத்துப்போனதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். சீட்டு எழுதிக் கதவிடுக்கில் வைத்தேன். நான்கு வரி, காப்பித்தூள் டப்பாவையும் சேர்த்து. மூன்று முறை எழுதினேன்.

செப்டம்பர் 27, ஞாயிறு

இளவெயில். மலை தெளிவாகத் தெரிகிறது.

மாணிக்கம் வந்தார். சீட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் ஆரம்பித்தேன், “அன்னிக்கு ஆஸ்பத்திரியில...” கையைக் காட்டி நிறுத்திவிட்டார். ஊசி டப்பாவை எடுக்கவில்லை. நேரே பீரோவுக்குப் போய், பட்டியலைப் படித்து, மாத்திரை அட்டைகளைக் கேட்டு வாங்கி, காலிக் குழிகளை விரலால் தடவித் தடவி எண்ணினார். பிறகு காப்பித்தூள் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார். காப்பித்தூள்தான்.

“இனிமே இப்படித்தான் டீச்சரம்மா. நீங்க ஊசிய எண்ணுங்க, நான் மாத்திரைய எண்றேன்.”

அண்ணன், “நான் இன்னா செய்யறது?” என்றார்.

“நீங்க பல்லக் காட்டுங்க.”

காட்டினார். கோணல் கொஞ்சம்தான். கட்டிங் ஆர்டர் இன்னும் வரவில்லை.

ஊசிகளைக் கொதிக்க வைத்தேன். இருபது நிமிடம். எட்டு குத்தினார். எட்டு எடுத்தார். அன்றைக்கும் எட்டாகவே இருந்திருக்கலாம்.